புகைவாயுப் பகுப்பாய்வியுடன் நான்கு ஆண்டுகள்: சென்சாரை விட அதிகம் ஏமாற்றியது ஒரு ரப்பர் வளையம்

பாய்லர் புகைபோக்கியில் வாயுவை அளக்கும் கையடக்கப் பகுப்பாய்வி ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஆக்சிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனி மின்வேதிச் சென்சார்கள், உள்ளே வாயுவை இழுக்க ஒரு சிறிய பம்ப். வாங்கிய புதிதில் என் கவலையெல்லாம் சென்சார்கள் மீதே இருந்தது. குழாயையும் இணைப்புகளையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டில், வழக்கமாக 3 சதவீத ஆக்சிஜன் காட்டும் பாய்லரில் 4.8 காட்டியது. காற்று அதிகமாகப் போகிறது என்று எண்ணிக் காற்றுக் கதவைக் குறைக்கக் கை வைத்தேன். நல்லவேளையாக, அதற்குமுன் இணைப்புகளைத் தடவிப் பார்க்கத் தோன்றியது. நீர் சேகரிக்கும் குப்பியின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. இழுக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்தாலே 3 என்பது 4.8 ஆகிவிடும். அதை நம்பித் திரை 3 காட்டும்வரை காற்றைக் குறைத்திருந்தால், உண்மையான அளவு 1 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். எரிப்பு கெட்டுக் கார்பன் மோனாக்சைடு ஏறும் எல்லை அது. அந்த ஏற்றத்தையும் கலந்த காற்று குறைத்தே காட்டியிருக்கும். இதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. பல கருவிகளைப் போலவே இதுவும் கார்பன் டை ஆக்சைடை நேராக அளப்பதில்லை, ஆக்சிஜனிலிருந்து கணக்கிடுகிறது. ஆகவே அந்த எண்ணும் சேர்ந்தே தவறாகியிருக்கும்.

அன்றுமுதல் காலையில் முதல் வேலை கசிவுச் சோதனைதான். உறிஞ்சுகுழலின் நுனியை விரலால் அடைத்தால் பம்ப் திணற வேண்டும், ஓட்டம் நிற்க வேண்டும். சுகமாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. கருவிப் பக்கமிருந்து ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி அடைத்துக்கொண்டே வந்தால் இடம் அகப்பட்டுவிடும்.

கருவியைத் திறந்த வெளியில் வைத்துத்தான் இயக்குகிறேன். தொடங்கும்போது சுற்றியுள்ள காற்றையே அது கார்பன் மோனாக்சைடுக்குப் பூஜ்யமாகவும் ஆக்சிஜனுக்கு 20.9 ஆகவும் எடுத்துக்கொள்கிறது. பாய்லர் அறைக்குள் தொடங்கினால் அங்குள்ள மாசும் பூஜ்யமாகிவிடும்.

பூஜ்யம் சரியாக வந்தால் சென்சார் நலம் என்று பலர் நம்புகிறார்கள். செத்துப்போன கார்பன் மோனாக்சைடு சென்சாரும் தூய காற்றில் பூஜ்யம்தான் காட்டும். அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி, எவ்வளவு காட்டுகிறது, எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்று பார்ப்பதே சோதனை. சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

ஆக்சிஜன் சென்சார் விஷயத்தில் நான் செய்த தவறு, உதிரி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தது. என் கருவியில் இருப்பது ஈயம் கரைந்து இயங்கும் வகை. காற்று பட்டாலே கரையும். கருவி அணைந்திருந்தாலும் ஆயுள் ஓடும். அலமாரியில் ஓராண்டு இருந்ததை மாட்டியபோது, பாதி ஆயுளே மிஞ்சியிருந்தது. இப்போது தேவைப்படும்போது மட்டுமே வாங்குகிறேன்.

அளந்து முடித்ததும் குப்பியில் தேங்கிய நீரைக் கொட்டுகிறேன். ஃபில்டர் கறுத்தால் மாற்றுகிறேன். அணைக்கும்முன் தூய காற்றில் பம்ப்பை ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்துக்கும் ஆக்சிஜன் 20.9க்கும் திரும்பும்வரை காத்திருக்கிறேன். அதற்கு எடுக்கும் நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கிறேன். கடந்த முறை சென்சார் சோர்வதை முதலில் சொன்னது, வாராவாரம் நீண்டுகொண்டே போன அந்த நேரம்தான்.