28,320 ரூவாவும் போச்சு, எங்க பாட்டி பேரும் வெப் டிசைன் கம்பெனி கைல இருக்கு. வெப்சைட் போடப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னைக்கு மத்தியானம்தான் அந்த ஆபீஸ் படி இறங்கி வந்தேன், இன்னும் கை நடுங்குது, ஆறப்போட்டா எழுத மாட்டேன்னு இப்பவே உக்காந்துட்டேன். சின்னதா தொழில் பண்றவங்க, முதல் தடவையா வெப்சைட் போடலாம்னு காசு சேத்து வச்சிருக்கவங்க முழுசா படிங்க, என்னென்ன பாக்கணும்னு கடைசில சொல்றேன்.

எங்களுது கொளத்தூர்ல இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி கடை. பாட்டி பேர்ல இருக்கிற கடை. அப்பா போடிலருந்து பஞ்சு எடுத்து கையால அடைச்சு தைச்சு குடுக்குறாரு. ஃபோம் மெத்தை வந்ததுக்கப்புறம் வியாபாரம் பாதியா போச்சு, கல்யாணச் சீருக்கு பஞ்சு மெத்தைதான் வேணும்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க ஆனா அவங்க தெருத்தெருவா தேட மாட்டாங்க, போன்ல தேடுவாங்க. அதான் ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வெப்சைட் ரெடியாகணும்னு சீட்டு எடுத்த காசுல 30,000 தனியா வச்சேன்.

கம்பெனி பேர் போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. வடபழனி பக்கம் மாடில ஆபீஸ் வச்சிருக்கிற ஒரு வெப் டிசைன் கம்பெனின்னு மட்டும் வச்சுக்கோங்க. விளம்பரம் பாத்து போன் பண்ணேன், மறுநாளே ஒருத்தர் கடைக்கே வந்துட்டாரு. அப்பா காபி வாங்கிட்டு வரச் சொன்னாரு. அவர் பஞ்சை கைல எடுத்துப் பாத்தாரு, எங்க ஆயா வீட்லயும் இதே மெத்தைதான் அக்கான்னாரு, பேசிக்கிட்டே போன்ல என்னமோ பண்ணி பத்து நிமிஷத்துல அப்பா கிட்ட நீட்டினாரு. மேல பாட்டி பேரு பெரிய எழுத்துல, கீழ ஒரு மெத்தை படம். அப்பா கண்ணாடிய துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. எங்கம்மா பேரு போன்ல வருதேன்னாரு. அந்த நிமிஷம்தாங்க. அப்புறம் நான் ஒரு கேள்வியும் கேக்கல. ரெடிமேட் டெம்ப்ளேட்ல பேர மட்டும் மாத்தினா பத்து நிமிஷத்துல யாரு வேணா அப்படிக் காட்டலாம்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது.

டிசைன் 14,000, டொமைன் (அதாவது சைட்டோட பேரு), ஹோஸ்டிங் (சைட்ட வச்சிருக்கிற சர்வர் வாடகை) ரெண்டுக்கும் 6,500, சைட் பாதுகாப்பானதுன்னு காட்டுற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் 3,500, ஆக 24,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 4,320. மொத்தம் 28,320. முப்பது நாள்ல கூகுள்ல முதல் பக்கம் கேரண்டின்னு சொன்னாரு. பாதி அன்னைக்கே ஜிபே பண்ணேன், மீதிய லைவ் பண்றதுக்கு முன்னாடி குடுத்தாதான் பண்ணுவோம்னாங்க, குடுத்தேன். பில்லுல ஜிஎஸ்டி நம்பரே இல்ல, அதையும் இப்பதான் பாக்குறேன். ஒரு தலகாணில எங்களுக்கு அம்பது ரூவா நின்னா பெருசு. 28,320 ரூவான்னா எத்தனை தலகாணின்னு கணக்கு போட்டுப் பாருங்க.

சைட் வந்துச்சு. எங்க மெத்தை போட்டோ நாப்பது அனுப்பிருந்தேன், போட்டது ஆறு. ஒரு பக்கத்துல டெம்ப்ளேட்ல இடத்த நிரப்ப மாதிரிக்கு வச்சிருக்கிற லத்தீன் எழுத்து அப்படியே கிடந்துச்சு. சொன்னா டீம்ல சொல்லிட்டேன் அக்கா, நாளைக்கு முடிஞ்சிடும் அக்கா. ஆனா நாங்க அதுக்குள்ள நம்பி விசிட்டிங் கார்டு அடிச்சுட்டோம், பை அடிச்சுட்டோம், கடை போர்டுலயும் வெப்சைட் பேர எழுதிட்டோம்.

மூணாவது மாசம் சைட்ட திறந்தா பாதுகாப்பு இல்லன்னு வார்னிங் வருது. கேட்டா எஸ்எஸ்எல் முடிஞ்சிடுச்சாம், இன்னொரு 3,500 கட்டணுமாம். எங்க சித்தி பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன்தான் பாத்து சொன்னான், அது லெட்ஸ் என்கிரிப்ட்னு சும்மாவே கிடைக்கிற சர்டிஃபிகேட், 90 நாள்தான் வரும், தானா புதுப்பிக்கிற மாதிரி ஒரு தடவை செட் பண்ணி விட்டா போதும்னு. சும்மா கிடைக்கிறதுக்கு 3,500, அதையும் ஒழுங்கா செட் பண்ணல. சைட்ட கட்டின வேர்ட்பிரஸ்ங்கிற சாஃப்ட்வேரும் இலவசம்தானாம்.

அவனே இன்னொண்ணும் தேடிக் காட்டினான். டொமைன் யார் பேர்ல பதிஞ்சிருக்குன்னு பாக்குற ஹூ இஸ் பக்கத்துல எங்க பாட்டி பேரைத் தட்டினா, உரிமையாளர்னு இருக்கிற இடத்துல அந்தக் கம்பெனி பேரு. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. எங்க பாட்டி பேருங்க அது.

அன்னைலருந்து கடைக்கு வந்தவருக்கு போன் பண்றேன். முதல் வாரம் மீட்டிங்ல இருக்கேன் அக்கா. ரெண்டாவது வாரம் ஊருக்கு வந்திருக்கேன், அங்க டவர் இல்ல. அப்புறம் மெசேஜ பாத்துட்டு பதிலே இல்ல. வேற நம்பர்லருந்து கூப்பிட்டா உடனே எடுக்குறாரு, என் குரல கேட்டதும் கட் பண்றாரு. இன்னைக்கு நேரா போனேன். ஒரு மணி நேரம் உக்கார வச்சுட்டு வேற ஒருத்தர் வந்து, மேடம், டொமைன ரிலீஸ் பண்ண 15,000 சார்ஜ், அதான் எங்க பாலிசின்னாரு. பாலிசி எதுல எழுதிருக்குன்னு கேட்டேன், அக்ரிமென்ட்டே போடலயே மேடம்னாரு. அதே வாயால! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்னேன், தொழிலுக்கு வாங்கினது செல்லாதுன்னாரு. சொந்தப் பொழப்புக்கு சுயதொழில் பண்றவங்களுக்கு 2019 கன்ஸ்யூமர் சட்டத்துல இடம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. வந்ததும் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சுட்டேன். 28,320 வருமான்னு தெரியல, ஆனா விட மாட்டேன்.

சரி, என்ன பாக்கணும்னு சொல்றேன்னேன், அப்பா சாப்பிடாம உக்காந்திருக்காரு, சீக்கிரமா சொல்லிடறேன். டொமைன நீங்களே உங்க மெயில்ல, உங்க கார்டுல வாங்குங்க, டாட் இன் எல்லாம் சாதாரணமா வருஷத்துக்கு ஆயிரம் ரூவாக்குள்ளயே வரும், அதை மட்டும் யார் கைலயும் குடுக்காதீங்க. ஹோஸ்டிங் பாஸ்வேர்ட் கைக்கு வராம மீதிப் பணம் குடுக்காதீங்க. ஜிஎஸ்டி கேட்டா நம்பர் கேளுங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்லயே போட்டுப் பாக்கலாம். முதல் பக்கம் கேரண்டின்னா எழுந்து வந்துடுங்க, முதல் இடம்னு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே சொல்லுது. கடைக்கு மேப்ல வர்ற பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம், முதல்ல அதப் போடுங்க.

சொல்ல மறந்துட்டேன், சைட்ல விலை கேட்டு அனுப்புற ஃபாரம் ஒண்ணு இருக்கு. அண்ணா நகர்லருந்து ஒரு அம்மா கடைக்கே வந்து, மூணு தடவை அனுப்பினேன் ஒரு பதில் கூட போடலயேன்னு அப்பாவ திட்டிட்டுப் போனாங்க. அந்த ஃபாரம் இத்தனை நாளும் அந்தக் கம்பெனி மெயிலுக்குத்தான் போயிருக்கு. எத்தனை பேர் அனுப்பினாங்களோ தெரியாது. நீங்க யாராவது கல்யாணத்துக்கு மெத்தை கேட்டு எங்களுக்கு எழுதியிருந்தா, எங்க கைக்கு வரவே இல்லைங்க. கடைக்கு வாங்க, இல்ல போர்டுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுங்க, அது அப்பா நம்பர்தான்.