புள்ளிக் கட்டமா, கோமோகுவா: உலகத்தோடு மோத எது சரி?

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடிய இரண்டு ஆட்டங்களையும் இன்று இணையத்தில் உலகின் தேர்ந்த கைகளோடு ஆடலாம். ஒன்று, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கட்டத்தை மூடியவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வது. மற்றது, ஐந்து குறிகளை வரிசையாகச் சேர்க்கும் கோமோகு. பெங்களூரில் எங்கள் அல்சூர் நண்பர் வட்டம் பெரும்பாலும் கோமோகு கட்சி. நான் புள்ளிக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டவன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆள்பலம் கோமோகுவுக்குத்தான். செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் பிள்ளைகள் அதைக் கட்டம் போட்ட நோட்டிலேயே ஆடி வளர்கிறார்கள். ஜப்பானில் அதன் உறவான ரென்ஜு வேரூன்றியது; அதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1988 முதல் இருக்கிறது. ஆட்டக்காரரின் திறமைக்கு ஒரு இணையதளம் தரும் தரப்புள்ளியை வேறு தளத்தின் தரப்புள்ளியோடு ஒப்பிடுவது இரண்டு ஆட்டங்களிலும் வீண் வேலை. அந்த எண் அந்தக் கூட்டத்துக்குள் மட்டுமே செல்லும்.

என்னைச் சாய்த்தது வேறு. தோற்றால், எங்கே தோற்றோம் என்று தெரிய வேண்டும்.

புள்ளிக் கட்டத்தில், ஒருவர் ஒரு கோடு போட்டுத் திறந்துவிட்டால் அடுத்தவர் வரிசையாக மூடிக்கொண்டே போகக்கூடிய கட்டங்களின் தொடர்தான் சங்கிலி. எட்டுக் கட்டச் சங்கிலிகள் இரண்டு மட்டும் மிச்சம் என்று வையுங்கள். எதிராளி ஒன்றைத் திறந்தாக வேண்டும். சாதாரண ஆட்டக்காரர் எட்டையும் வாரிக்கொள்வார். கட்டத்தை மூடியவரே மறுகோடும் போட வேண்டுமென்பதால் அடுத்த சங்கிலியை அவரே திறந்துவிடுவார்: 8-8. தேர்ந்தவர் ஆறோடு நிறுத்தி, ஒரே கோட்டில் மூடும்படி கடைசி இரண்டை விட்டுக்கொடுப்பார். அந்த இரண்டை எடுத்த கையே அடுத்த சங்கிலியையும் திறக்க வேண்டும்: 14-2.

இதுவரை பலரும் வந்துவிடுகிறார்கள். அதற்கு மேல், சங்கிலியைத் திறக்கும் கட்டாயம் யார் தலையில் விழும் என்பதெல்லாம் எண்ணிக்கை. 36 புள்ளி, 25 கட்டப் பலகையில் மூன்று கட்டமும் அதற்கு மேலும் உள்ள நீண்ட சங்கிலிகள் இரட்டைப்படையில் அமைய முதலாமவர் பார்ப்பார், ஒற்றைப்படைக்கு இரண்டாமவர் முயல்வார். பெர்க்லி கணிதப் பேராசிரியர் எல்வின் பெர்லகாம்ப் விரித்துக் காட்டிய கணக்கு இது. கை தேர்ந்தவர்கள் பலகை பாதி நிரம்புவதற்குள் ஒரு கட்டத்தைக் காவு கொடுத்துச் சங்கிலியை உடைத்து, கணக்கைத் தம் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தால் கணக்கு கைமாறிய கோட்டை விரல் வைத்துக் காட்டிவிடலாம். கோமோகுவிலோ மூன்று குறி, நான்கு குறி என்று வரிசை சேர்த்து மிரட்டல்கள் தொடரும்போது வினை எந்தக் குறியில் தொடங்கியது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. அதில் ஊறியவர்கள் மறுக்கக்கூடும்.

கணினி இரண்டையும் விட்டுவைக்கவில்லை. கட்டுப்பாடில்லாத 15க்கு 15 கோமோகுவில் முதலில் ஆடுபவர் ஜெயிக்க முடியும் என்று விக்டர் அல்லிஸ் குழுவினர் 1990களில் காட்டிவிட்டார்கள். ஆகவே அதை ஆடுவதென்றால், தொடக்கக் குறிகளை ஒருவர் வைக்க மற்றவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் விதி உள்ள இடமாகப் பாருங்கள். புள்ளிக் கட்டத்திலோ, இருவரும் பிழையில்லாமல் ஆடினால் 4க்கு 5 கட்டப் பலகை சமனில் முடியும் என்பது 2012இல் தீர்ந்தது. 25 கட்டத்தில் சமனுக்கே இடமில்லை.

நிமிடக் கணக்கில் ஓடும் ஆட்டங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கோமோகு விறுவிறுப்பாக இருக்கலாம். நாள் கணக்கில் அவகாசம் தரும் ஆட்டமென்றால் புள்ளிக் கட்டம்தான். சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நகர்வதற்குள் சங்கிலிகளை இரண்டு முறை எண்ணிவிடலாம்.