ரிச்சி தெரு முதல் மீனம்பாக்கம் வரை: இந்த முறை எல்லாம் பேட்டரி பாடுதான்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனால் வீட்டிலுள்ள போன், ரூட்டர், ரிமோட் எல்லாவற்றுக்கும் நான்தான் மெக்கானிக். இந்த முறை பீரோவிலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்த பழைய ஐபோனில் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, பேட்டரி உப்பிவிட்டது. "அமுக்கினா உட்கார்ந்துடும்டா" என்றார். அமுக்கவே கூடாது. உள்ளே சேர்ந்திருப்பது வாயு, அழுத்தினால் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் கிழிந்து ஷார்ட் ஆகும், அப்புறம் தீதான்.

ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடைக்காரர் போனை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "சார்ஜ் எவ்ளோ இருக்கு சார்?" பாதிக்கு மேல் இருந்தது. இறங்கட்டும் என்று திரை வெளிச்சத்தைக் கூட்டி ஓரமாக வைத்துவிட்டார், சார்ஜ் குறைவாக இருந்தால் தப்பித்தவறி குத்துப்பட்டாலும் ஆபத்து குறைவு. பிறகு வேலை பழகும் பையன் மெல்லிய இரும்புத் தகட்டை எடுக்க, "டேய், அத வை, கார்டு எடு" என்று ஒரு அதட்டல். பழைய ஏடிஎம் கார்டை உள்ளே விட்டு, பசையை அங்குலம் அங்குலமாக இளக்கி, வளைக்காமல் எடுத்தார். மேசைக்கடியில் மணல் வாளி. இந்தக் கைத்திறனும் வேகமும் அங்கே கிடைக்கும் கூலிக்கு வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் கழற்றிய பேட்டரி? ஷார்ட் ஆகாமலிருக்க முனையில் டேப் கூட ஒட்டாமல், ஏற்கெனவே நிறைய கிடந்த அட்டைப்பெட்டியில் போட்டார். "காயலாங்கடைக்காரர் வந்து எடுத்துப்பார் சார்." அங்கே இரும்போடு இரும்பாக நசுங்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது வைத்திருக்கின்றன, அந்தத் தெருவரைக்கும் அது வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. குறை சொல்வதென்றால் எனக்கு இது ஒன்றுதான், ஆனால் பெரிய குறை.

உப்பியதற்குக் காரணத்தையும் கடைக்காரர் சொன்னார். முழு சார்ஜில், மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையில், பல கோடைகள். பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும் போனைப் பாதி சார்ஜில், 32 டிகிரிக்குக் கீழே வை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதி ஏற்று என்கிறது ஆப்பிள். சென்னையில் 32-க்குக் கீழே என்றால் மார்கழியில் வைக்கலாம், மற்ற மாதங்களில் ஏசி அறைக்குத்தான் போக வேண்டும்.

வேளச்சேரியில் தம்பி வீட்டில் வேறு பஞ்சாயத்து. மின் ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 மார்ச்சில் வேலூர் பக்கம் இப்படி வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தது அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. தீ பிடித்தால் ஓடுவதற்கு இருக்கிற ஒரே வழியை மறித்துக்கொண்டு அது நின்றதுதான் என் கவலை. அசோசியேஷனில் பேசி, இப்போது திறந்த பார்க்கிங்கில் தனி பிளக் பாயின்ட் வந்தாயிற்று. சர்வீஸ் சென்டர்காரரும் நல்ல விஷயம் ஒன்று சொன்னார்: 2023 மிக்ஜாம் வெள்ளம் மாதிரி வண்டி தண்ணீரில் மூழ்கினால், காய்ந்துவிட்டதே என்று சாவியைத் திருப்பாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உள்ளே அரிப்பு நடந்து நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

திரும்பும்போது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பவர் பேங்க் கதை. செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான். 100 வாட்-மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே அச்சடித்திருக்கும் மில்லிஆம்பியர்-மணியை (mAh) செல்லின் வோல்ட் அளவான 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும், 20,000 என்றால் 74, பிரச்சினையில்லை. மாமாவோ நடைபாதைக் கடையில் 50,000 என்று அச்சடித்த ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை எதுவும் இல்லை. அது உண்மையென்றால் 185, விமானத்தில் ஏற்றவே முடியாது. பொய்யென்றால் ஏமாந்தாயிற்று. வழியனுப்ப வந்த மச்சானிடம் கொடுத்துவிட்டு, "வீட்டுல சார்ஜ் போடாதே" என்றும் சொல்லிவிட்டு வந்தோம்.