பேட்டர்சன் டேங்கும் பானைத் தண்ணீரும்

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, இருட்டறைக்கு எங்கே போவது என்பதுதான். பிரிண்ட் போடத்தான் இருட்டறை வேண்டும். நெகட்டிவ் கழுவ ஒளி புகாத ஒரு டேங்கும், ஃபிலிமை அதற்குள் ஏற்ற ஒரு சேஞ்சிங் பேகும் (கைகளை மட்டும் நுழைத்து வேலை செய்யும் ஒளி புகாத துணிப்பை) போதும். நான் வைத்திருப்பது பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4, இரண்டு ரீல் (ஃபிலிமைச் சுருட்டி வைக்கும் சட்டம்) பிடிக்கும் டேங்க். மதுரையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இதுவரை பதினான்கு ரோல் கழுவிவிட்டேன்.

இதற்கு முன் மலிவாக வேறொரு டேங்க் வாங்கினேன். உள்ளே இருக்கும் கரைசலைக் கலக்க டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தும்போதெல்லாம் மூடியோரம் கசிந்தது. அண்ணன் மகளின் காதுகுத்துக்கு எடுத்த ரோல் அதில்தான் போனது. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் குறைந்துபோய், ஃபிலிமின் ஒரு விளிம்பு நெடுக வெளிறிவிட்டது. அந்தக் காட்சிகள் இனிக் கிடைக்காது. அதனால்தான் சொல்கிறேன், காசை மிச்சம் பிடிப்பதென்றால் அளவுக் குவளையில் பிடியுங்கள், டேங்கில் வேண்டாம்.

பேட்டர்சனில் எனக்கு மிகவும் பிடித்தது ரீல். ஃபிலிமின் முனையை ரீலின் வாயில் செருகி, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருகினால் அதுவாகவே உள்ளே ஏறும். அகலத்தைக் கூட்டினால் அதே ரீலில் 120 எனப்படும் அகலமான ஃபிலிமும் போடலாம். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு 290 மில்லி கரைசல், 120க்கு 500 மில்லி என்று டேங்கின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். எந்தப் பிளாஸ்டிக் ரீலும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் சேஞ்சிங் பேகுக்குள் கை வைத்த இரண்டாவது நிமிடமே வேர்க்கும். நான் ரீலை முதல் நாளே காயவைத்துவிடுவேன், ஏற்றுவது விடியற்காலையில் ஃபேனுக்கு அடியில். வீணான ரோல் ஒன்றை வைத்து முதலில் கண் திறந்தும், பிறகு கண் மூடியும் பத்துத் தடவை பழகுங்கள். ரீல்களைக் கோத்து நிறுத்தும் நடுத்தண்டை மறக்கவே கூடாது. அது இல்லாமல் மூடினால் மேலே இருக்கும் புனல் வழியாக வெளிச்சம் நேரே ஃபிலிமில் விழும்.

அப்புறம் சூடு. எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பரைச் சரிபாதி தண்ணீர் கலந்து ஊற்றினால் 20 டிகிரியில் 11 நிமிடம். சித்திரையில் எங்கள் குழாய்த் தண்ணீரே 32 டிகிரி. சரிபாதி கலவை கைகொடுப்பது இங்கேதான்: அறைச் சூட்டில் இருக்கும் டெவலப்பர் 145 மில்லி, ஃபிரிட்ஜில் எட்டு டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீர் 145 மில்லி, இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 20. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் பாட்டிலும் கழுவும் தண்ணீரும் முதல் நாள் இரவே மண்பானையில் இறங்கிவிடும். டெவலப்பருக்கும் அடுத்து வரும் தண்ணீருக்கும் சூடு வெகுவாக வேறுபடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மூடியை அழுத்தும்போது நடுவில் விரலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால் கசிவே கிடையாது.

ஃபிக்ஸர் இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய, வெட்டி எடுத்த ஃபிலிம் முனைத் துண்டை அதில் போடுங்கள். அது கண்ணாடி போலத் தெளிய எவ்வளவு நேரமோ அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிலிமுக்கு.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. முதல் ரோல் காய்ந்தபோது வானம் முழுக்க வெள்ளைத் திட்டுகள். இப்போது கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்தான், அதில் தண்ணீர் திட்டாக நிற்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள். பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஒரே ஒரு ரோல் கழுவினால் அதை அடி ரீலில் ஏற்றி, காலி ரீலை மேலே வையுங்கள். இல்லையென்றால் கவிழ்க்கும்போது ரீல் தண்டில் மேலேறி, ஃபிலிம் டெவலப்பருக்கு வெளியே நின்றுவிடும்.