‘மாதக் கட்டணம் இல்லாத டிஜிட்டல் பூஸ்டர்’: அப்பாவிடமிருந்து 4,200 ரூபாய் போன கதை

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் பழைய வீடு. அங்கே அப்பா தனியாக இருக்கிறார். வயது 79. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சென்னைவாசி. ஆவணியில் ஒரு நாள் மாலை அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“மாடியில் மறுபடியும் ஆன்டெனா ஏற்றியாயிற்று. இனி கேபிளுக்கு மாதாமாதம் அழ வேண்டாம்” என்றார். குரலில் அப்படியொரு பெருமை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் ஒரு மின்னணுச் சாமான் கடை. அதன் ஆள் ஒருவன் ஸ்கூட்டரில் அட்டைப்பெட்டியோடு தெருத் தெருவாக வந்திருக்கிறான். பெட்டியின்மேல் ‘டிஜிட்டல் பூஸ்டர்’, ‘4கே’, ‘250 கி.மீ.’, ‘100க்கும் மேற்பட்ட சேனல்கள்’ என்று வண்ண வண்ணமாக எழுத்துகள். ஒரு முறை பணம் கட்டினால் போதும், ஆயுள் முழுக்க இலவசம் என்று சொல்லியிருக்கிறான். மாடியில் துருப்பிடித்து நின்ற பழைய குழாயைப் பார்த்ததும், “ஐயா வீட்டில் கம்பமே தயாராக இருக்கிறதே, 300 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்றானாம். அப்பா விழுந்தது அந்த இடத்தில்தான்.

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஏமாற்று விளங்காது.

1982 பிப்ரவரியில் இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியில் அதன் ஒளிபரப்புக் கோபுரம். சென்னைத் தொலைக்காட்சி 1975இலேயே வந்துவிட்டாலும் அது எங்களுக்கு 550 கிலோமீட்டருக்கு அப்பால். இலங்கை மலையோ நேர்க்கோட்டில் 330 கிலோமீட்டர்தான். கணக்குப்படி அந்த உச்சியின் பார்வை ஏறத்தாழ 200 கிலோமீட்டரிலேயே பூமியின் வளைவில் முடிந்துவிடும். ஆனால் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கிற நாட்களில், கீழே ஈரக்காற்றும் மேலே சூடான உலர்காற்றுமாக ஒரு கூரை அமைந்துவிடும். அலை அந்தக் கூரைக்கடியிலேயே வளைந்து வளைந்து எங்கள் கரைவரை வந்து சேரும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையோரம் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கதையல்ல. சிங்களச் செய்தியையும் விளம்பரங்களையும் கிரிக்கெட்டையும், இடையிடையே வரும் தமிழ் நிகழ்ச்சிகளையும் கொசு மொய்க்கும் திரையில் பார்த்தவர்கள் நாங்கள்.

1984இல் அப்பா ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா பெட்டி வாங்கினார். இரண்டு ஜி.ஐ. குழாய்களை ஒட்டி நாற்பதடிக் கம்பம், நான்கு பக்கமும் இழுகம்பி. உச்சியில் பதினொரு குச்சி ஆன்டெனா. ஒவ்வொரு குச்சியும் என் கைநீளத்துக்கும் மேல். அதற்குக் கீழே சோப்புப் பெட்டி அளவில் பூஸ்டர், அதாவது வருகிற சிக்னலைப் பெருக்கும் கருவி. டிவிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கும் ஒரு திருகும் உள்ள இன்னொரு பெட்டி. கீழிருந்து மின்சாரம் ஏறுவதும் மேலிருந்து சிக்னல் இறங்குவதும் ஒரே கேபிளில். “பூஸ்டரை ஏன் கைக்கெட்டாத உயரத்தில் வைத்தீர்கள்?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “பால் திரிந்த பிறகு காய்ச்சி என்ன பயன்?” என்றார். கேபிளில் இறங்கும்போதே சிக்னல் தேயும். மூன்று டெசிபெல் போனால் சக்தியில் பாதி போயிற்று என்று பொருள். தேய்வதற்கு முன்பே பெருக்க வேண்டும். தேய்ந்தபின் டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

உப்புக்காற்றில் ஆறு மாதத்துக்கொரு முறை இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். அப்பா உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுவார். நான் கீழே ஜன்னலருகே நின்று “இன்னும் கொஞ்சம் வலது பக்கம்... போதும், போதும், போய்விட்டது!” என்று கத்துவேன். இது எங்கள் வீட்டின் தனி மொழி.

ஆகவே பூஸ்டர் வேலை செய்யும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணால் கண்டவர். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து படம் பிடித்தவரிடம் ‘250 கி.மீ.’ என்று எழுதிய பெட்டியைக் காட்டினால் அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

பொருத்திய அன்று நடந்ததை அப்பா சொல்லச் சொல்ல எழுதிவைத்தேன். ஆன்டெனாவை மாட்டிக் கேபிளை இறக்கிவிட்டு அந்த ஆள் டிவியின் பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகியிருக்கிறான். “சேனல் பட்டியல் இதில்தான் இருக்கிறது ஐயா” என்றானாம். படம் வந்தது. துல்லியமான படம். ஒரு செய்திச் சேனல், பிறகு பாட்டு, பிறகு ஒரு சாமி கோயில் கும்பாபிஷேகம். அப்பா 4,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அவன் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சிக்னல் படிய ஒரு நாள் ஆகும். அதுவரை அணைத்தே வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பேச்சின் கடைசியில், போகிற போக்கில் அப்பா ஒன்று சொன்னார். “படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. செய்தி வாசிக்கும்போது மூலையில் மணி 9.40 என்று போட்டிருந்தது. இங்கே சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். நம் டிவியில் மணி சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது.”

செய்திச் சேனலின் மூலையில் ஓடும் மணி சேனல்காரர்கள் போடுவது. நம் டிவியில் மாற்றுகிற மணி அல்ல அது. காலை 9.40க்கு எங்கேயோ பதிவு செய்த படத்தைச் சாயங்காலம் நாலேகாலுக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறான். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தானாகச் சேனல் தேடும் வசதியை மூன்று முறை ஓட விட்டேன். மூன்று முறையும் பூஜ்யம். பூஸ்டர் திருகை முழுக்கத் திருப்பினால் திரையில் புள்ளிகள்தான் தடித்தன. மாடியேறிப் பெட்டியைக் கழற்றினேன். ‘4கே டிஜிட்டல்’ ஒட்டுத்தாளின் ஓரத்தை நகத்தால் கீறியதும் அடியில் இன்னொரு தாள் தெரிந்தது. மங்கிய எழுத்தில் ‘45–860 மெகாஹெர்ட்ஸ்’ என்று இருந்தது. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஐந்தாறு மின்தேக்கிகள், கட்டைவிரல் நகத்தளவு ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்றுக் கம்பி. அந்தக் காலத்து பூஸ்டரேதான். எங்கோ விற்காமல் கிடந்த சரக்குக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். எரிச்சல் என்னவென்றால், அந்தப் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்பு இதே கம்பத்தில் ஏற்றியிருந்தால் அருமையாக வேலை செய்திருக்கும்.

இப்போது பெருக்குவதற்கு வானத்தில் எதுவும் இல்லை. தரைவழி என்றால் கோபுரத்திலிருந்து நேரே வீட்டு ஆன்டெனாவுக்கு வருவது. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளைப் படிப்படியாக மூடிவிட்டது. 2022 மார்ச்சுக்குள் பாதுகாப்பு காரணமாக வைத்துக்கொண்ட ஏறத்தாழ 50 இடங்கள் தவிர மற்றவை நின்றுவிட்டன. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016இல் சென்னை போன்ற சில நகரங்களில் மட்டுமே தொடங்கியது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் தனியார் சேனல்களுக்குத் தரைவழி ஒளிபரப்ப என்றைக்குமே அனுமதி கிடையாது. தரைவழி முழுக்க தூர்தர்ஷனுக்கே உரியது. மொட்டைமாடி ஆன்டெனாவில் நூறு தனியார் சேனல் வரும் என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே பேச்சை முடித்து அனுப்பிவிடலாம்.

20 டெசிபெல் பூஸ்டர் என்றால் வருகிற சக்தியை 100 மடங்காக்கும். பூஜ்யத்தை நூறால் பெருக்கினால் என்ன வரும் என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. எங்கள் மாடியில் அதற்குக் கிடைத்த தீனி பண்பலை வானொலியும் செல்போன் கோபுரத்தின் சிதறலும்தான். மாட்டிய ஆன்டெனாவும் வேறு வகை. குச்சிகள் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த நீளம் யு.எச்.எஃப். எனும் குட்டையான அலைக்கானது. எங்கள் பழைய ஆன்டெனாவின் கைநீளக் குச்சிகள் அதைவிட நீளமான வி.எச்.எஃப். அலைக்காக வெட்டியவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அப்பாவுக்கே விளங்கியிருக்கும். பழையது 2004 சுனாமிக்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்காலி போட்டார், தேநீர் சொன்னார். “அண்ணாச்சி, உங்கள் ஊர் சிக்னல் குறைவான இடம். இன்னொரு பூஸ்டரை இதோடு தொடராகப் போட்டால் சரியாகிவிடும். 1,800 ரூபாய்தான், உங்களுக்காக 1,500” என்றார்.

“எந்தக் கோபுரத்திலிருந்து வருகிற சிக்னல்?” என்று கேட்டேன்.

“அரசாங்கக் கோபுரம்தான்.”

“எந்த ஊரில் இருக்கிறது?”

“அதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி.”

பென் டிரைவ் என்றதும் தேநீர் வருவது நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்த பையன் இப்போது வேலையில் இல்லையாம், திருப்பூர் பக்கம் போய்விட்டானாம். பில் கேட்டார். அப்பாவிடம் இருந்தது குறிப்பேட்டில் கிழித்த ஒரு தாள். அதில் ‘பூஸ்டர் செட் 1, 4200’ என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை. உரத்துப் பேசியதில் மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் பலன் இருந்தது. 1,500 ரூபாயைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார். மீதிக்காக நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். முறையான பில் இல்லாத புகார் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

உங்கள் ஊரில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இப்போதே அழைத்துச் சொல்லுங்கள். விற்க வந்தவனிடம் எந்த ஊர்க் கோபுரம் என்று கேட்கச் சொல்லுங்கள். படம் வந்ததும் டிவியின் பின்பக்கம் ஆன்டெனாக் கேபிளையும் மின்கம்பியையும் தவிர வேறு எது செருகியிருந்தாலும் அதைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படம் நின்றுபோனால் ஏமாற்றுதான். நிற்காவிட்டால் கேபிளையும் ஒரு முறை பிடுங்க வேண்டும். அப்போதும் படம் ஓடினால் அது வானத்திலிருந்து வந்த படமல்ல. ஒரு நாள் பொறுத்தால் படியும் என்பதும் பொய். சிக்னல் தயிர் அல்ல, உறை ஊற்றி வைக்க. தரைவழி ஒளிபரப்பு ஓடும் நாடுகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு பூஸ்டரே மோசடி என்று நினைக்க வேண்டாம். அங்கே அதற்கு வேலை உண்டு, கம்பத்தின் உச்சியில் வைத்தால்.

அப்பாவுக்கு உண்மையில் தேவைப்பட்டது செய்தியும் கர்நாடக சங்கீதக் கச்சேரியும். 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனலை அவர் இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார். அது தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வருகிறது. தட்டும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. தமிழ்த் தனியார் சேனல்கள் அதில் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. பில்லோடு வாங்கி, அடுத்த நாள் நானும் ஒரு மெக்கானிக்கும் மாடியேறினோம். அதை அனுப்பும் ஜிசாட்–15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவில்.

அப்பாவால் இப்போது ஏணி ஏற முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் திருப்பி நிறுத்தியதும் கேட்டார்:

“எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாய்?”

கடல் பக்கம் கையைக் காட்டினேன். செல்போன் திசைகாட்டி 118 பாகை காட்டியது.

“ரூபவாஹினிக்குத் திருப்பிய அதே பக்கம்” என்றார் அப்பா. அன்றிரவு வரைபடத்தை வைத்து அளந்து பார்த்தேன். பிதுருதலாகலை எங்கள் வீட்டிலிருந்து 120 பாகையில் இருக்கிறது.