செந்தேள் கொட்டிய நாயும் பறிபோன 2,750 ரூபாயும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செவ்வாய் இரவு ஒன்பதரை மணிக்கு, கொல்லையில் அடுக்கியிருந்த செங்கற்களை மோந்துகொண்டிருந்த டைகர் வீறிட்டுக் கத்தினான். டார்ச் அடித்துப் பார்த்தால் செந்தேள். பெயருக்குத்தான் டைகர், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு என் காலடியில் வந்து ஒண்டினான். கால் மணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது.

வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஊரில் இல்லை. செல்லப்பிராணிகளுக்கு ‘24 மணி நேர அவசர மருத்துவர்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் 850 ரூபாய் கட்டினேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் திரையில் தோன்றி, "பிள்ளையின் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டார். அங்கேதான் விழுந்தேன். நாயைப் பிள்ளை என்கிறவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்?

"கொடுக்கு உள்ளே இருக்கும், நகத்தால் சுரண்டி எடுங்கள்" என்றார். அது தேனீக்குச் சொல்வது. தேள் தன் கொடுக்கை விட்டுவிட்டா போகும்? எனக்கே தெரிந்த விஷயம்தான். இருந்தும் அந்தப் பதற்றத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத கொடுக்கை அவன் பாதத்தில் அரை மணி நேரம் தேடினேன். அடுத்து, எல்லா விஷத்துக்கும் ஆகும் ஒரு முறிவுப் பெட்டி, விலை 1,900, இரண்டு மணி நேரத்தில் வீடு தேடி வரும் என்றார். அதையும் கட்டினேன். மொத்தம் 2,750 ரூபாய்.

பெட்டி வரவில்லை. டைகர் இரண்டு முறை வாந்தி எடுத்தான், மூச்சு வாங்கினான். நள்ளிரவில் பக்கத்து வீட்டுத் தம்பி கார் எடுத்ததால் பிழைத்தான். மருத்துவமனையில் விடியும்வரை டிரிப்ஸும் ஆக்சிஜனும். செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கி நுரையீரலில் நீர் கோக்க வைக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். "எல்லா விஷத்துக்கும் ஒரே மருந்தா? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் போடுகிற ஊசியே தேளுக்குக் கேட்காதே அம்மா" என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

மறுநாள் அந்தச் செயலியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி.’ மறுபடி கேட்டேன். ‘ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டது, பணம் திரும்பாது.’ அந்த மருத்துவரின் பதிவு எண் கேட்டேன், உரையாடலையே மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பாம்புப் படம் போட்ட ஒரு உறிஞ்சுகுழாய், ஒரு பிளேடு. 2,750 ரூபாய்க்கு ஒரு பிளேடு! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், டைகருக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அவசரமாகச் சில: கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். நமக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் நாய்க்கு ஆபத்து, கொடுக்கவே வேண்டாம். எச்சில் வழிந்தாலோ வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எண் சொல்லாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.