பாசர் ரேட்டிங், கியூபிஆர், ஏஎன்ஒய்/ஏ: குவார்ட்டர்பேக்கை எதை வைத்து எடைபோடுவது?

ஆரோன் ராட்ஜர்ஸின் 2011 சீசன் பெரிதா, பெய்டன் மானிங்கின் 2004 சீசன் பெரிதா? இருவரும் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். பாசர் ரேட்டிங்கைக் கேட்டால் ராட்ஜர்ஸ் 122.5, மானிங் 121.1. நான் இப்போது நம்பும் கணக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அதன் பெயர் ஏஎன்ஒய்/ஏ (ஓர் எறிக்குத் திருத்திய நிகர யார்டு).

முதலில் பழையது. பாசர் ரேட்டிங்கை லீக் ஏற்றுக்கொண்டது 1973இல். எறிந்ததில் எத்தனை சதவீதம் சக வீரர் கைக்குப் போனது, ஓர் எறிக்கு எத்தனை யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) சதவீதம், இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) சதவீதம் என்று நான்கே சங்கதிகள். ஒவ்வொன்றுக்கும் 2.375 என்று உச்சவரம்பு வைத்ததால்தான் முழு மதிப்பெண் 158.3 என்ற விநோத எண்ணில் நிற்கிறது. ஆட்டம் முழுக்கப் பந்தைத் தரையில் அடித்தாலும் 39.6 கிடைக்கும். எல்லா பாஸும் பிடிபட்டு, அணி ஒரு யார்டுகூட நகராவிட்டால் 79.2! பழம்பெரும் குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸின் வாழ்நாள் ரேட்டிங்கே 78.2தான். (பாஸ் ஆடுவதை எளிதாக்கிய 1978 விதிமாற்றத்துக்கு முந்தைய காலத்தில் பாஸ் ஆடுவது எவ்வளவு கடினம் என்பது தனிக்கதை.)

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, சாக் (எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது) இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பது.

ஏஎன்ஒய்/ஏ கணக்கைத் தாளிலேயே போட்டுவிடலாம். பாஸ் யார்டுகளோடு டச்டவுனுக்கு 20 வீதம் கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 வீதமும் சாக்கில் இழந்த யார்டுகளையும் கழித்து, எறிகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டு 502 எறிகளில் 4,643 யார்டு, 45 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். மானிங் 497 எறிகளில் 4,557 யார்டு, 49 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். சாக்கை விட்டுவிட்டு இதே கணக்கைப் போட்டால் ராட்ஜர்ஸ் 10.50, மானிங் 10.24, பாசர் ரேட்டிங் சொன்ன அதே வரிசை. ஆனால் ராட்ஜர்ஸ் 36 சாக்கில் 219 யார்டு இழந்தார். மானிங் 13 சாக்கில் 101. அதையும் சேர்த்ததும் ராட்ஜர்ஸ் 9.39க்கு இறங்குகிறார், மானிங் 9.78இல் நிற்கிறார்.

சாக்கை விட்டுவிட்டு ரேட்டிங் போடுவது, டாட் பால்களை நீக்கிவிட்டு ஸ்ட்ரைக் ரேட் சொல்வது மாதிரி. யார்டு போகிறது, ஒரு டவுனும் (முன்னேறத் தரப்படும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று) போகிறது, தாளில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. இதைவிட மோசம், சூத்திரம் தவறான ஆளைத் தட்டிக்கொடுப்பது. நெருக்கடியில் பந்தை மைதானத்துக்கு வெளியே வீசித் தப்பிப்பவருக்கு அது பிடிபடாத பாஸாகப் பதிவாகி ரேட்டிங் குறைகிறது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாக் வாங்கி எட்டு யார்டு பின்னுக்குப் போனவருக்கு ஒன்றும் குறைவதில்லை. 1988இல் டான் மரினோ 606 முறை எறிந்து ஆறே சாக் வாங்கினார். பந்தை விடும் அந்த அசாத்திய வேகத்துக்கு ரேட்டிங்கில் நேரடியாக ஒரு புள்ளிகூடக் கிடையாது.

சாக் என்பது லைன்மேன்களின் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினரின்) குற்றம், குவார்ட்டர்பேக் என்ன செய்வார் என்று கேட்பார்கள். பாதி நியாயம். ஆனால் மானிங் 2012இல் டென்வர் அணிக்குப் போனபோது முன்னால் நின்ற லைன் புதிது, கழுத்து அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்தார். அப்போதும் 583 எறிகளுக்கு 21 சாக்தான். பந்தை எப்போது விடுவது என்ற புத்தி ஆளோடு கூடவே போகிறது. மறுபக்கம், 2002இல் புத்தம்புது ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியில் டேவிட் கார் 76 சாக் வாங்கினார். அத்தனையும் அவர் தலையில்தான் என்று சொல்ல எனக்கு மனம் வராது, ஏஎன்ஒய்/ஏ சொல்லிவிடும்.

ஈஎஸ்பிஎன் 2011இல் கொண்டுவந்த கியூபிஆர், யோசனை அளவில் மூன்றிலும் நல்லது. 0 முதல் 100 வரை, 50 என்றால் சராசரி. சாக், ஓட்டம், ஃபம்பிள் (பந்தைக் கைநழுவவிடுவது), ஆட்டத்தின் நிலைமை எல்லாம் உண்டு. ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் சமையல் அவர்கள் வீட்டுக்குள். அறிமுகமான அதே சீசனில், இரண்டாம் பாதியில் இறங்கி 10க்கு 4 பாஸ் மட்டும் முடித்த டிம் டீபோ, அதே வாரம் 396 யார்டு எறிந்த ராட்ஜர்ஸைவிட ஒரு படி மேலே வந்தார். டீபோ ஓடியும் ஒரு டச்டவுன் அடித்தார், உண்மை. இருந்தாலும் விடை எப்படி வந்தது என்று நாமே போட்டுப் பார்க்க வழியில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இபிஏ என்ற கணக்கின் பக்கம் போகலாம், தரவு இலவசம். ஒவ்வொரு பிளேயும் எத்தனை புள்ளி பெறும் என்று மதிப்பிடும் அந்த யோசனையை 1971இல் கட்டுரையாக்கியவர்களில் ஒருவர் வர்ஜில் கார்ட்டர், சின்சினாட்டி பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக்கே!

லாமர் ஜாக்சன் விஷயத்தில் மட்டும் என் கணக்கு கைவிடுகிறது. 2019இல் அவர் ஓடிச் சேர்த்த 1,206 யார்டில் ஒன்றுகூட ஏஎன்ஒய்/ஏவில் ஏறாது. ஓடும் குவார்ட்டர்பேக் பேச்சு வந்தால் நானும் கியூபிஆரைத்தான் திறக்கிறேன், உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே.